ஊர்திவழி லேசர் வருடல்: சாலை மட்டத்தை அளத்தலும் பராமரித்தலும்

ஆய்வுச் சுருக்கம்

ஓடும் ஊர்தியில் பொருத்தப்பட்ட லேசர் வருடி, சாலைப் பரப்பையும் அதன் இருபுறச் சூழலையும் கோடிக்கணக்கான அளவீட்டுப் புள்ளிகளாகப் பதிவு செய்கிறது. இம்முறை செயற்படும் விதத்தையும் சாலைப் பராமரிப்பில் அதன் பயனையும் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. பராமரிப்புக்குப் பெரிதும் தேவைப்படுவது ஒரு முறை எடுக்கும் அளவீடு அன்று. கால இடைவெளியில் எடுத்த இரண்டு அளவீடுகளுக்கு இடையிலான வேறுபாடே. அவ்வேறுபாட்டை நம்புவதற்கு எத்தகைய துல்லியம் வேண்டும் என்பதைக் கருவியின் விலை தீர்மானிப்பதில்லை, கேட்கப்படும் கேள்வி தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. மீண்டும் மீண்டும் தார் இடப்படுவதால் வீட்டு வாசற்படியைவிடச் சாலை உயர்ந்துவிடும் தமிழகத் தெருக்களின் சிக்கல் இதற்குச் சான்றாக ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: லேசர் வருடல், புள்ளித்திரள், சாலைப் பராமரிப்பு, மேடுபள்ளச் சுட்டெண், கட்டுப்பாட்டுப் புள்ளி, சாலை மட்டம்.

முன்னுரை

சாலையை அளப்பது பழைய தொழில். சங்கிலி, நாடா, மட்டம் பார்க்கும் கருவி, பின்னர் டோட்டல் ஸ்டேஷன் என அளவைக் கருவிகள் வளர்ந்தபோதும் ஒன்று மாறவில்லை: அளப்பவர் சாலையின் மேல் நிற்க வேண்டியிருந்தது. போக்குவரத்து மிகுந்த நெடுஞ்சாலையில் அவ்வாறு நிற்பது உயிருக்கு ஆபத்தானது. போக்குவரத்தைத் தடுத்து நிறுத்துவதோ செலவு மிக்கது. ஆகவே நீண்ட சாலைகளில் 25 மீட்டருக்கு ஒன்று, 50 மீட்டருக்கு ஒன்று என்ற அளவில் மட்டுமே குறுக்குவெட்டுகள் எடுக்கப்பட்டன. இரண்டு குறுக்குவெட்டுகளுக்கு இடையில் இருந்த பள்ளம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ஊர்தியை நிறுத்தாமலேயே அளக்கும் முயற்சி 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான ஜி.பி.எஸ். வேன் போன்ற ஆய்வு ஊர்திகளில் தொடங்கியது. அவற்றில் லேசர் இல்லை. ஒளிப்படக் கருவி இணைகளும் செயற்கைக்கோள் இடங்காட்டியும் இருந்தன. லேசர் வருடிகள் அதன் பிறகே இவ்வூர்திகளில் ஏறின. 2013இல் அமெரிக்கத் தேசியக் கூட்டுறவு நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டம் தன் 748ஆம் அறிக்கையாக இத்துறைக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. துல்லியத்தையும் புள்ளியடர்த்தியையும் தனித்தனியாக வகைப்படுத்தி, எந்தப் பயன்பாட்டுக்கு எந்த வகை போதும் என்று கூறியது அவ்வறிக்கையின் சிறப்பு. எல்லாவற்றுக்கும் மிகு துல்லியம் வேண்டும் என்பது பணத்தை வீணாக்கும் எண்ணம் என்பதை அது மறைமுகமாக உணர்த்தியது.

கலைச்சொற்கள் குறித்து ஒரு சொல். லேசருக்குச் ‘சீரொளி’ என்ற நல்ல தமிழ்ச்சொல் உண்டு. எனினும் பொறியாளர் வழக்கில் லேசர் என்பதே நிலைத்துவிட்டமையால் இங்கு அதுவே ஆளப்படுகிறது. லேசர் வருடி தரும் புள்ளிகளின் தொகுதியை ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து ‘புள்ளி மேகம்’ என்று எழுதுவோர் உளர். மேகம் கலைந்து போவது. இதுவோ ஒவ்வொரு புள்ளிக்கும் நிலையான ஆயங்கள் உடையது. எனவே ‘புள்ளித்திரள்’ என்பதை இக்கட்டுரை மேற்கொள்கிறது.

கருவியும் அதன் உறுப்புகளும்

லேசர் வருடி ஓர் ஒளித்துடிப்பை அனுப்புகிறது. அது பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 30 செ.மீ. செல்லும். போய்வரும் வழியைக் கருதினால், 1 செ.மீ. தொலைவை வேறுபடுத்தி அறிய 67 பிக்கோ நொடிகளை அளக்க வேண்டும். அத்தகைய அளவீட்டை நொடிக்குப் பல இலட்சம் முறை செய்யும் வருடிகள் இன்று வழக்கமாகிவிட்டன. சுழலும் ஆடி ஒன்று ஒளிக்கற்றையைச் சுற்றிலும் வீச, ஊர்தி முன்னே நகர, சாலை திருகுசுழல் வடிவில் வருடப்படுகிறது.

தொலைவும் கோணமும் மட்டும் தெரிந்தால் போதாது. அந்தக் கணத்தில் வருடி எங்கே இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதும் தெரிய வேண்டும். இடத்தைச் செயற்கைக்கோள் இடங்காட்டியும், சாய்வையும் திரும்புதலையும் நிலைம அளவியும், உருண்ட தொலைவைச் சக்கரத்தில் பொருத்திய சுற்றெண்ணியும் தருகின்றன. இம்மூன்றையும் இணைத்துப் பின்னர்க் கணிக்கப்படும் பாதைக்குச் ‘செல்தடம்’ என்று பெயர். புள்ளித்திரளின் தரம் பெரும்பாலும் செல்தடத்தின் தரமே. நேரம் சரியாகப் பொருந்தாவிட்டால் என்னாகும் என்பதற்கு ஒரு கணக்கு: மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஊர்தி நொடிக்கு 16.7 மீட்டர் செல்கிறது. வருடியின் கடிகாரமும் இடங்காட்டியின் கடிகாரமும் ஓர் ஆயிரத்திலொரு நொடி விலகினால், சாலை முழுவதும் 16.7 மி.மீ. முன்னோ பின்னோ தள்ளி வரையப்படும். கோணப் பிழை தொலைவோடு வளரும்: 0.05 பாகைப் பிழை 20 மீட்டர் தொலைவில் 17 மி.மீ. ஆகிறது, 5 மீட்டரில் அதுவே 4 மி.மீ.க்குச் சற்று மேல்தான்.

எதை அளக்கும், எதை அளக்காது

லேசர் பொருத்திய ஊர்தி என்றதும் எல்லாம் ஒன்று எனக் கருதுவது பரவலான குழப்பம். இந்திய தேசிய நெடுஞ்சாலை ஆணையம் பயன்படுத்தும் நெட்வொர்க் சர்வே ஊர்திகளில் லேசர்கள் உள்ளன; ஆனால் அவற்றின் முதன்மை வேலை சாலையோர முப்பரிமாண வரைவு அன்று, சாலைப் பரப்பின் நிலையை அறிதல். சக்கரத் தடங்களுக்கு மேலே நிலைத்திருக்கும் லேசர்கள் நெடுக்குவாட்டு மேடுபள்ளத்தை அளக்கின்றன; கோட்டு லேசரும் ஒளிப்படக் கருவியும் இணைந்து குறுக்குவாட்டில் சக்கரத்தடப் பள்ளத்தையும் விரிசலையும் கண்டறிகின்றன. 23 மாநிலங்களில் 20,933 கி.மீ. நெடுஞ்சாலையை இவ்வாறு ஆய்வு செய்ய ஆணையம் 2025இல் அறிவித்தது. பணி தொடங்கும் முன் ஒரு முறையும், பின்னர் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் தரவு திரட்டப்பட வேண்டும் என்பது அத்திட்டத்தின் நெறி. பராமரிப்பு என்பது மீள அளத்தலே என்ற கருத்தை இந்நெறி ஏற்றுக்கொண்டுள்ளது எனலாம்.

நெடுக்குவாட்டு அளவீட்டிலிருந்து பெறப்படுவது பன்னாட்டு மேடுபள்ளச் சுட்டெண். உலக வங்கியின் ஆதரவில் 1982இல் பிரேசிலில் நடந்த சோதனையிலிருந்து பிறந்து 1986இல் வெளியான அளவுகோல் அது. இந்தியாவில் நெடுங்காலம் வழக்கிலிருந்தது மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் இழுத்துச் செல்லப்படும் ஒற்றைச் சக்கர வண்டியான பம்ப் இன்டக்ரேட்டர். இரண்டையும் இணைக்கும் வாய்பாடு எளியது: சுட்டெண்ணை 1.12 அடுக்குக்கு உயர்த்தி 630ஆல் பெருக்கினால் பழைய அளவு கிடைக்கும். பழைய கணக்கில் கிலோமீட்டருக்கு 2000 மி.மீ. என்பது புதிய சுட்டெண்ணில் ஏறத்தாழ 2.8. இவ்வாய்பாடு இருப்பதனால்தான் பழைய ஆவணங்கள் இன்றும் பயன்படுகின்றன.

சூழலையெல்லாம் வருடும் லைடார் கருவி இதனின்று வேறானது. அதன் புள்ளியடர்த்தியைக் கணக்கிட்டுப் பார்த்தால் அதன் எல்லை விளங்கும். நொடிக்கு 10 இலட்சம் புள்ளிகளும் 200 சுழற்சிகளும் உடைய ஒரு வருடியைக் கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் ஒரு சுழற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே ஊர்தி 83 மி.மீ. நகர்ந்துவிடும். ஒரு சுழற்சியில் 5000 புள்ளிகள். வருடி 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் நேர்கீழே புள்ளிகளுக்கு இடையே 2.5 மி.மீ. மட்டுமே. அதாவது குறுக்கே மிக நெருக்கம், நெடுக்கே மிக இடைவெளி. ஆகவே சாலையின் குறுக்கே ஓடும் 3 மி.மீ. விரிசல் இரண்டு வருடல் கோடுகளுக்கு இடையே மறைந்துபோகும். வேகத்தைப் பாதியாக்கினாலும் இடைவெளி 42 மி.மீ. இதே கருவியால் விரிசல்களையும் கண்டறிவோம் என்று கூறும் ஒப்பந்தப்புள்ளி விளக்கத்தை இந்த ஒரு வகுத்தல் கணக்கால் சோதித்துவிடலாம். லைடார் சிறந்து விளங்குவது வேறிடத்தில்: குறுக்குச் சரிவு, மேம்பாலத்தின் அடிப்புற இடைவெளி, கைப்பிடிச் சுவர், வடிகால், மின்கம்பம், மரக்கிளை, வீட்டு வாசல் எனச் சாலையும் அதன் அண்டைப் பொருள்களும் ஒரே ஆய அமைப்பில் கிடைப்பதில்.

இவ்விரண்டுமே காணாதது ஒன்றுண்டு, சாலையின் உட்புறம். அடித்தளம் நனைந்து வலுவிழந்ததை மேற்பரப்பின் வடிவம் தாமதமாகத்தான் காட்டும். அதற்கு எடை விழுத்திச் சாலையின் வளைவை அளக்கும் கருவியும் தரையூடுருவும் ராடாரும் வேண்டும்.

இரு வகைத் துல்லியம்

ஒரு புள்ளி நிலவுலகில் எங்கே உள்ளது என்பதன் சரிமை சார்பிலாத் துல்லியம். அருகருகே உள்ள இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாட்டின் சரிமை சார்புத் துல்லியம். செல்தடம் 50 மி.மீ. உயரத்தில் தவறியிருந்தால் அச்சாலைப் பகுதி முழுவதும் ஒருசேர 50 மி.மீ. தூக்கப்பட்டிருக்கும், அதற்குள் 10 மி.மீ. ஆழமுள்ள சக்கரத்தடப் பள்ளம் அப்படியே தெரியும். எனவே பள்ளத்தின் ஆழத்தை அறியச் சார்பிலாத் துல்லியம் தேவையில்லை. பாலத்தின் அணுகுசாலை சில ஆண்டுகளில் எவ்வளவு தாழ்ந்தது என்று கேட்டாலோ நிலைமை வேறு.

புதிதாக இடப்பட்ட தார் அடுக்கின் தடிமன் ஒப்பந்தப்படி 40 மி.மீ. உள்ளதா என்று இரண்டு வருடல்களைக் கழித்துக் காண விரும்புவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் உயரப்பிழை 50 மி.மீ. என்றால், கழித்த பின் எஞ்சும் பிழை அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையின் மூலம், அதாவது 71 மி.மீ. அளக்க வேண்டிய பொருளைவிட அளவுகோலின் பிழை பெரிது. இந்நிலையில் கணினித் திரையில் வண்ணமயமாகத் தெரியும் வேறுபாட்டுப் படத்துக்கு எப்பொருளும் இல்லை. சாலையில் வண்ணக்குறி இட்டு, அவற்றின் மட்டத்தை நேரடியாகப் பார்த்து, அக்கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு செல்தடத்தைப் பொருத்தினால் பிழையை 10 மி.மீ. அளவுக்குக் குறைக்கலாம். அப்போது வேறுபாட்டின் பிழை 14 மி.மீ.; 40 மி.மீ. அடுக்கு கண்ணுக்குப் புலப்படும், ஆனால் 35ஆ 40ஆ என்ற வழக்கைத் தீர்க்காது. அதற்குச் சாலையில் துளையிட்டு எடுக்கும் மாதிரியே இன்றும் சான்று.

வாசற்படியும் சாலை மட்டமும்

தமிழகத்தில் இவ்வேறுபாட்டுக் கணக்கு மிகவும் தேவைப்படும் இடம் நெடுஞ்சாலை அன்று, குடியிருப்புத் தெரு. பழைய பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே தார் இட்டுவரும் வழக்கத்தால் தெருக்கள் உயர்ந்து, மழைநீர் வீடுகளுக்குள் புகுவது சென்னை உட்பட எல்லா நகரங்களிலும் அறியப்பட்ட துன்பம். 40 மி.மீ. வீதம் ஐந்து முறை இட்டால் 200 மி.மீ.; ஒரு படிக்கட்டின் உயரத்துக்கும் மேல். ஜாக்கிகளை வைத்து வீட்டையே தூக்கி உயர்த்துவது ஒரு தனித்தொழிலாகவே நகரங்களில் வளர்ந்துள்ளது. அச்செலவைத் தாங்க இயலாதோர் வாசலில் சிமெண்டுத் தடுப்பு கட்டிக்கொள்கின்றனர். பழைய பரப்பைச் சுரண்டி அகற்றிய பின்னரே புதிய சாலை இடப்பட வேண்டும் என்று தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் 2021 அக்டோபரில் துறைகளுக்கு அறிவுறுத்தினார். அறிவுறுத்தல் தெளிவானது; அது பின்பற்றப்பட்டதா என்பதை ஒவ்வொரு தெருவிலும் எவ்வாறு சரிபார்ப்பது என்பதே வினா.

மேலே கண்டவாறு சார்பிலா உயரங்களைக் கழித்துப் பார்ப்பதானால் தெருதோறும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளுக்கு அது எளிதன்று. ஆனால் இச்சிக்கலில் நாம் கேட்பது கடல்மட்டத்திலிருந்து சாலையின் உயரம் அன்று, வாசற்படியிலிருந்து சாலையின் தாழ்வு. இரண்டும் ஒரே வருடல் கோட்டில், 5 மீட்டருக்குள் பதிவாகின்றன. செல்தடத்தின் உயரப்பிழை இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால் கழித்தலில் நீங்கிவிடும். எஞ்சுவது பக்கச் சாய்வின் பிழை, அது 0.02 பாகை என்றால் 5 மீட்டருக்கு 2 மி.மீ.க்கும் குறைவு. வருடியின் தொலைவுப் பிழையையும் பரப்பின் கரடுமுரட்டையும் சேர்த்து 15 மி.மீ. என்று தாராளமாகக் கொண்டாலும், இரு ஆண்டுகளின் தாழ்வுகளைக் கழிக்கும்போது 21 மி.மீ. பிழைதான் வரும். சுரண்டாமல் இட்ட ஓர் அடுக்கு ஒரு வீட்டின் வாசலிலேயே ஐயத்தோடு தெரியும். தெருவிலுள்ள நாற்பது வீடுகளை ஒருங்கே நோக்கினால் ஐயமின்றித் தெரியும். வாசற்படியே மட்டக்குறியாகிவிடுகிறது.

இதற்கொரு மறுப்பு எழலாம்: மக்கள் வாசற்படியையும் உயர்த்திக்கொள்கிறார்களே? உண்மை. அதனால்தான் சராசரியை எடுக்கலாகாது, இடைநிலையளவை எடுக்க வேண்டும். தெருவில் பெரும்பாலான வாசல்கள் 40 மி.மீ. தாழ்ந்து, சில மட்டும் 150 மி.மீ. உயர்ந்திருந்தால் அச்சிலவே புதிதாகக் கட்டப்பட்டவை. அவற்றைத் தனியே பட்டியலிட்டால் சாலை உயர்வின் செலவை யார் ஏற்றார்கள் என்ற சமூகவியல் தரவும் உடன் கிடைக்கும். பொறியியல் துறைக்கு வெளியே உள்ள ஆய்வாளர்க்கு இது புதிய மூலமாக அமையும்.

வடிகாலின் நிலையையும் இதே திரளிலிருந்து காணலாம். 3.5 மீட்டர் அகலத் தடத்துக்கு 2.5 விழுக்காடு குறுக்குச் சரிவு என்றால் நடுவுக்கும் ஓரத்துக்கும் 87.5 மி.மீ. வேறுபாடு இருக்க வேண்டும். அது தட்டையாகிவிட்ட இடங்களில் நீர் தேங்கும். வடிகாலின் வாய் சாலை ஓரத்தைவிட உயர்ந்துள்ள இடங்களில் வடிகால் இருந்தும் பயனில்லை. மழை வரும்வரை காத்திராமல் கோடையிலேயே இவற்றை வரைபடமாக்கலாம்.

களத்தின் தடைகள்

கோடை என்று குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நனைந்த சாலையில் ஒளி சிதறித் திரும்பாமல் ஆடியில் படுவதுபோல் விலகிச் செல்லும். 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் வருடிகளின் ஒளியை நீர் பெரிதும் உட்கொள்ளும். மழைக்குப் பின் எடுத்த திரளில் தேங்கிய குட்டைகள் புள்ளியற்ற ஓட்டைகளாகத் தோன்றும். புதிதாக இட்ட கருந்தாரும் ஒளியைக் குறைவாகவே திருப்பும்.

மரநிழல் மற்றொரு தடை. இருபுறமும் புளியமரங்கள் கவிந்த பழைய மாநிலச் சாலைகளில் செயற்கைக்கோள் குறிகைகள் தடைப்படும். நிலைம அளவி சிறிது நேரம் தாங்கும், பின் விலகத் தொடங்கும். உயர்கட்டடங்களுக்கு இடைப்பட்ட தெருவிலும் மேம்பாலத்தின் அடியிலும் இதே நிலை. குறுகிய தெருக்களில் நிறுத்தி வைக்கப்பட்ட இருசக்கர வண்டிகளும், கோலமிட்ட வாசலில் அமர்ந்திருப்போரும், கடைகளின் முன்நீட்சியும் வாசற்படியை மறைப்பதுண்டு. ஒரே தெருவில் எதிரெதிர்த் திசைகளில் இரு முறை ஓட்டுவது மறைப்பைக் குறைக்கும். அவ்விரண்டும் எவ்வளவு ஒன்றுபடுகின்றன என்பது அளவீட்டின் தரத்தை அறியும் இலவசச் சோதனையுமாகும்.

அதே இடத்துக்கு மீளல்

நெடுஞ்சாலை ஆவணங்கள் இடத்தைக் கிலோமீட்டர் கல்லைக் கொண்டு குறிப்பது வழக்கம். கற்கள் நிலைத்திருப்பதில்லை. 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றியமைக்கப்பட்டபோது 45ஆம் எண்ணில் இருந்த சென்னை–திண்டிவனம் சாலை 32இன் பகுதியாயிற்று. 7ஆம் எண்ணில் இருந்த சேலம்–மதுரை–கன்னியாகுமரிச் சாலை 44இன் பகுதியாயிற்று. மக்கள் வழக்கில் பழைய எண்களே இன்னும் வாழ்கின்றன. புறவழிச்சாலை ஒன்று இடையில் வந்தாலும் அதற்கப்பால் தொலைவுகள் எல்லாம் மாறிவிடும். கல்லைக் கொண்டு குறித்த பழைய பள்ளமும் இன்று அளந்த பள்ளமும் ஒன்றா என்று அறிய இயலாமற் போவது இதனாலேயே. ஆயங்களைக் கொண்டு குறித்தால் இக்குழப்பம் எழாது. இந்திய நிலவளவைத் துறை நாடெங்கும் நிறுவியுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலைத்த செயற்கைக்கோள் குறிப்பு நிலையங்கள் இதற்கு அடிப்படையாக உள்ளன. 2021 பிப்ரவரியில் வெளியான நடுவண் அரசின் நிலவியல் தரவு நெறிகளின்படி, ஊர்திவழி நில அளவை துல்லியம் எதுவாயினும் இந்திய நிறுவனங்களுக்கே உரியது. வீட்டு முகப்பும் மனிதர் முகமும் பதிவாவதால் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அளவை செய்வோர் கருத வேண்டும். ஒளிப்படங்களை நீக்கிப் புள்ளித்திரளை மட்டும் வெளியிடுவது நடைமுறைக்கு ஏற்ற வழி.

இறுதியாகச் சேமிப்பு. மேலே கொண்ட வருடி ஒரு கிலோமீட்டருக்கு 6 கோடிப் புள்ளிகளைத் தரும். புள்ளிக்கு 28 பைட்டு எனில் 1.7 ஜிகாபைட்டு. ஒரு நகராட்சியின் 200 கி.மீ. தெருக்களுக்கு 340 ஜிகாபைட்டு. கைக்குள் அடங்கும் ஒரு வன்தட்டு போதும். ஆனால் ஒப்பந்தக்காரரிடமிருந்து பெறப்படுவது பெரும்பாலும் அச்சிட்ட அறிக்கையும் சில படங்களும் மட்டுமே. அவற்றைக் கொண்டு ஐந்தாண்டு கழித்து எதையும் கழித்துப் பார்க்க இயலாது. திருத்தப்படாத புள்ளித்திரள், செல்தடம், வருடி ஊர்தியில் பொருந்திய கோணங்களின் அளவுத்திருத்தக் கோப்பு, கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் பட்டியல், பயன்படுத்திய உயர அடிப்படை ஆகிய ஐந்தும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். கடைசியாகக் கூறிய உயர அடிப்படையே பெரும்பாலும் விடுபடுகிறது. செயற்கைக்கோள் தருவது புவிநீள்வட்டத்திலிருந்து உயரம். மட்டக்குறிகள் தருவது கடல்மட்டத்திலிருந்து உயரம். தென்னிந்தியாவில் இவ்விரண்டுக்கும் இடையே பல பத்து மீட்டர் வேறுபாடு உண்டு. எதனைக் கொண்டு எந்த மாதிரியால் மாற்றினர் என்ற ஒரு வரி இல்லாவிடில், அடுத்து அளப்பவரின் திரள் முந்தையதோடு பொருந்தாது.